இலை மடிக்கத் தெரியாத விருந்தாளி

2021இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போன போலீஸார், அங்கே நடக்கவே திணறிய ஒரு நாயைப் பார்த்தார்கள். விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்குத் தகவல் போனது. நகி என்பது நாயின் பெயர். எடை போட்டபோது 53.7 கிலோ. காருக்குப் பத்து மீட்டர்தான். அதற்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்கியது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால், இடையிலிருந்த கொழுப்பில் இதயத் துடிப்பு காதுக்கு எட்டவில்லை. சங்கத்தின் பராமரிப்பில் இரண்டு மாதத்தில் 8.8 கிலோ இறங்கியது. ஆனாலும் ஈரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனது. 2024இல் தீர்ப்பு வந்தது: வளர்த்த பெண்ணுக்கு இரண்டு மாதச் சிறை, ஓராண்டுக்கு நாய் வளர்க்கத் தடை, அதோடு இழப்பீடு. அவர் அதை அடித்தார் என்றோ பட்டினி போட்டார் என்றோ யாரும் சொல்லவில்லை. பிஸ்கட்டோடு நாளொன்றுக்குப் பத்துத் துண்டு வரை கோழி கொடுத்து வந்தார். அதுதான் வழக்கு.

இதற்கு முன்னோடியும் உண்டு. 2007இல் இங்கிலாந்தின் ஈலி ஊர் நீதிமன்றம், ரஸ்டி என்ற லாப்ரடார் நாயை 70 கிலோவுக்கு மேல் ஏறவிட்ட இரண்டு சகோதரர்களைக் குற்றவாளிகள் என்றது. ஆரோக்கியமான ஆண் லாப்ரடாருக்கு அதில் பாதி எடை இருந்தாலே போதும். சகோதரர்களுக்குச் சிறை இல்லை, நிபந்தனையோடு விட்டுவிட்டார்கள்.

சோறு போட்டதற்கா தண்டனை என்று தமிழ்க் காது திடுக்கிடும். தானத்தில் சிறந்தது அன்னதானம் என்று கேட்டு வளர்ந்த காது அது. பட்டினி போட்டவர் பாவி என்றால் விளங்குகிறது. கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தவர் எப்படிப் பாவியாவார்? அவர் மனதில் இருந்தது அன்புதானே? இந்த வழக்குகளைக் கால்நடை மருத்துவத்தின் தலையில் கட்டிவிட்டு நகர முடியாமல் செய்வது இந்தக் கேள்விதான். கருணையைக் கொடுப்பவரின் மனதை வைத்து அளப்பதா, பெறுபவரின் உடலை வைத்து அளப்பதா?

திருக்குறளைத் திறந்தால் இதற்கு இரண்டு கதவுகள் தெரிகின்றன. விருந்தோம்பல், ஈகை என்ற அதிகாரங்கள் ஒரு பக்கம். அங்கே கை தாராளமாக நீள வேண்டும். 95ஆம் அதிகாரமான மருந்து இன்னொரு பக்கம். தலைப்பு மருந்து என்றாலும், பத்தில் பெரும்பாலான குறள்கள் சாப்பாட்டைப் பற்றியவை: முன்பு உண்டது செரித்ததா, பசி உண்மையில் வந்திருக்கிறதா, அளவு என்ன என்று பார்த்து உண்பவனுக்கு வேறு மருந்து எதற்கு என்கிற பாணியில் போகும். ஆக பிறருக்குத் தாராளம், தனக்கு அளவு. வடலூரில் 1867இல் தருமசாலையைத் தொடங்கி, இன்றுவரை அணையாத அடுப்பை மூட்டிய வள்ளலாரும் இப்படித்தான். பசித்த உயிருக்குச் சோறிடுவதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்த அதே மனிதர், அன்றாட ஒழுக்கம் பற்றி எழுதும்போது உண்பவரிடம் மிதம் கேட்கிறார்.

இந்த இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பந்தியில் பரிமாறுபவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், உட்கார்ந்திருப்பவர் கையைக் குறுக்கே நீட்டிப் போதும் என்பார்; முடிந்ததும் இலையை மடித்துவிடுவார். பரிமாறுபவரின் தாராளத்துக்கு எல்லை போடும் வேலையை உண்பவரே பார்த்துக்கொள்கிறார். வீட்டு நாய் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத விருந்தாளி. அது பிற உயிர், ஆகவே தாராளம் அதற்கு உரியது. ஆனால் அதற்கு இலை மடிக்கத் தெரியாது. அதன் மிதம் அதனிடம் இல்லை; கிண்ணத்தை நிரப்புகிறவர் கையில் இருக்கிறது. இன்னொருவருக்காக ஒருவர் மிதமாக இருக்க முடியுமா? அப்படி இருப்பது அறமா, கஞ்சத்தனமா?

மதங்கள் நாய்க்குச் சோறிடச் சொன்ன இடங்களையெல்லாம் அடுக்கினால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் எதிரே நிற்பது பசித்த நாய்தான். வீட்டுச் சமையலில் ஒரு பங்கைப் பிற உயிர்களுக்கு எடுத்துவைக்கும் பூத யக்ஞத்தில், நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் தரையில் சோறு வைக்கச் சொல்கிறது மனுநூல். (அதே வரிசையில் சண்டாளர்களையும் நோயாளிகளையும் நிறுத்தி, அவர்களுக்கும் தரையில்தான் வைக்கச் சொல்கிறது, அந்த நூலின் இரக்கத்தைப் பாராட்டும்போது இதை மறைத்துவிட்டுப் பாராட்டுவது நேர்மையல்ல.) இஸ்லாமிய மரபில், தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றிலிருந்து காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற செய்தி பிரபலம். நேபாளத்தில் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்களுக்கு உரியது. நெற்றியில் திலகமிட்டு, மாலை போட்டு, விருந்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பைரவரின் வாகனம் என்பதால் தேய்பிறை அஷ்டமியன்று தெருநாய்க்கு ரொட்டியோ பிஸ்கட்டோ வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஜோசியர் பரிகாரமாகச் சொல்லி அனுப்பியும் வாங்குவார்கள்.

ஒரே ஒரு மரபுதான் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தது. ஜொராஸ்டிரியர்களின் வெந்திதாத் என்ற சட்ட நூலில் நாய்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மந்தைநாய்க்கு மோசமான உணவு கொடுத்தவருக்கு இத்தனை அடி, வீட்டுநாய்க்குக் கொடுத்தவருக்கு அதைவிடக் குறைவாக இத்தனை அடி என்று நாயின் வேலைக்கும் தரத்துக்கும் ஏற்பத் தண்டனை போகிறது. மந்தைநாய்க்கு மட்டமான உணவு வைப்பது, முதல் தரக் குடும்பத் தலைவருக்கு மட்டமான உணவு பரிமாறியதற்குச் சமம் என்று ஒப்பிடுகிறது. அதைவிடச் சுவாரசியமானது இன்னோர் இடம். நாய்க்கு மிகக் கடினமான எலும்பையோ, மிகச் சூடான உணவையோ கொடுத்து, எலும்பு பல்லிலோ தொண்டையிலோ சிக்கினாலும் வாய் வெந்தாலும் கொடுத்தவர் பெரும்பாவி என்கிறது அது. சூடான சோற்றை வைத்தவரின் மனதில் வன்மம் இருந்ததா என்று அந்த நூல் கேட்கவில்லை. நாயின் வாய் வெந்ததா என்று பார்க்கிறது. ஆக்லாந்து நீதிமன்றத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஈகையைப் பெறுபவரின் உடலில் வைத்து அளந்தவர்கள் அவர்கள்.

சாப்பிட உட்காரும் முன் நாய்க்கென்று சில கவளம் எடுத்துவைக்கும் வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுநாள் இருந்தது. கவளத்துக்கு எண்ணிக்கையும் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. மிச்சமெல்லாம் நாய்க்கு என்று அவர்கள் விடவில்லை. அவர்களுடைய நாய்ப்பற்று ஏட்டோடு நின்றதல்ல. 1832 ஜூனில் பம்பாயில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலை மும்முரமானபோது, இந்தியாவின் ஜொராஸ்டிரியர்களான பார்சிகள் தெருவில் இறங்கிக் காவலர்களை அடித்தார்கள். மறுநாள் கடையடைப்பு நடந்தது. நாய்க்காக ஒரு நகரம் முடங்கிய கதை இந்தியாவில் நேற்று ஆரம்பித்ததல்ல.

பசித்த நாய் இருக்கட்டும். பசியில்லாத இடத்தில் கொடுப்பவர் என்ன ஆவார்? இதைப் பற்றித் தமிழில் மணிமேகலையைவிடக் கூர்மையாக யோசித்த நூல் இல்லை. ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்து, குருடருக்கும் முடவருக்கும் ஆதரவற்றோருக்கும் முதலில் கொடுத்துவிட்டு மிஞ்சியதை உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். இந்திரன் வரம் தர வந்து, ஆபுத்திரனின் சிரிப்பில் அவமானப்பட்டுப் போகிறான். அவன் வாங்கும் பழி விசித்திரமானது. மழையைக் கொட்டிப் பாண்டிநாட்டைச் செழிக்க வைத்துவிடுகிறான். வயிறு நிறைந்த ஊரில் அமுதசுரபியை யாரும் தேடி வரவில்லை. ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பார்க்கிறான், கேலிதான் மிச்சம். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத் தீவில் தனியாக விடப்படுகிறான். தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்ள அந்தப் பாத்திரம் எதற்கு என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிரை விடுகிறான்.

இதைத் தியாகக் கதையாகவே படித்துப் பழகிவிட்டது. ஆனால் அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது: கொடுப்பவருக்கு வாங்குபவர் தேவை. ஆபுத்திரனுடைய பெருமை, பசியில்லாத மதுரைக்காரர் வாயில் அவன் சோற்றைத் திணிக்கவில்லை என்பதுதான். பாத்திரம் வற்றாதது, கை பரபரக்கிறது, இருந்தும் பசி இருக்கும் இடத்தைத் தேடிக் கடல் கடக்கிறான். இன்று அடுக்குமாடி வீட்டின் சோபாவில் படுத்திருக்கும் பக் நாய்க்குப் பசி இல்லை. ஆனால் வீட்டில் நான்கு பேருக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் அது வாலாட்டுவதைப் பார்க்க வேண்டும்; அதற்கு ஒரு பிஸ்கட் போதும். அப்படிப் போடப்படும் பிஸ்கட்டில் பெரும்பகுதி நாயின் பசிக்காகப் போடப்படுவதில்லை. இதைச் சொன்னால் நாய் வளர்ப்பவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

'ஆனால் அது பசியோடு பார்க்கிறதே' என்பார்கள். நியாயமான மறுப்பு. சில நாய்கள் உண்மையிலேயே பசியோடுதான் பார்க்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினர் ராஃபனும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு போம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருப்பதைக் காட்டியது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள மரபணு அது. பழுதான பிரதி ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு கிலோ கூடுகிறது. ஆய்வில் பார்த்த உதவி நாய்களிடம் இந்தப் பழுது முக்கால்வாசிக்கு இருந்தது. தீனி காட்டிப் பழக்குவது இவற்றிடம் எளிது என்பதால், அறியாமலே இவற்றைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். 2024இல் வந்த தொடர் ஆய்வில் இன்னொரு விஷயம் தெரிந்தது. வயிறு முட்டும்வரை சாப்பிடவிட்டால் இந்த நாய்கள் மற்ற லாப்ரடார்களைவிட அதிகமாக உண்பதில்லை. ஆனால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் இவற்றுக்குப் பசி கூடுதல். சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியோ கால் பங்கு குறைவு. கூடுதலாகப் பசிக்கிறது, குறைவாகத்தான் தேவைப்படுகிறது.

மணிமேகலையைப் படித்தவருக்கு இந்த நோயின் பெயர் நினைவுக்கு வரும். காயசண்டிகை என்ற விஞ்சை நாட்டுப் பெண், முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை உண்ணும் நாவல் கனியைக் காலால் சிதைத்துவிட்டு, யானைத்தீ என்ற தீராப்பசியைச் சாபமாகப் பெறுகிறாள். எவ்வளவு உண்டாலும் அடங்காது. அவள் கணவன் கனியும் காயும் கொண்டுவந்து குவிக்கிறான், பயனில்லை. கடைசியில் அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடி சோற்றில் அது தீர்கிறது. குவியல் குவியலாகக் கொடுத்துத் தீராத பசி ஒரு பிடியில் தீர்ந்தது என்று எழுதிய புலவர், அங்கே அற்புதத்தைத்தான் சொன்னார், உடலியலைச் சொல்லவில்லை. இருந்தாலும் பசியில் இரண்டு ஜாதி உண்டு, ஒன்றை அளவால் ஆற்றலாம், இன்னொன்றை ஆற்ற முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். லாப்ரடாரின் யானைத்தீக்கு அமுதசுரபி இல்லை. அதன் பசி பொய்யல்ல, நடிப்பல்ல. ஆனால் அந்தப் பசிக்குச் சோறு மருந்தல்ல. 'பேராசை பிடிச்ச நாய்' என்று திட்டுவதும் தப்பு, 'பாவம், பசிக்குது' என்று கொட்டுவதும் தப்பு. பசியைக் கண்டு இரங்கலாம். அந்த இரக்கத்தோடு கிண்ணத்தை மேலே எடுத்தும் வைக்கலாம். வள்ளலார் பார்த்த பசி உயிரைத் தின்னும் பசி. இது வேறு.

குறைவாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1987இல் தொடங்கி நாய்களின் வாழ்நாள் முழுவதும் நடந்த ஓர் ஆய்வில், 48 லாப்ரடார்களை ஒரே ஈற்றுக் குட்டிகளாகப் பார்த்து 24 ஜோடிகளாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு, மற்றது உண்பதைவிட 25 சதவீதம் குறைவான தீனி. 2002இல் முடிவு வெளியானது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதிலும் மூன்றாண்டு வித்தியாசம். நடத்தியது பூரினா, நாய்த் தீனி விற்கும் நிறுவனம். தன் சரக்கைக் குறைத்துப் போட்டால் நாய் நீண்டநாள் இருக்கும் என்று வியாபாரியே நிரூபித்துக் கொடுத்தது வேடிக்கைதான்.

இதற்கு ஒரு தத்துவ மறுப்பு உண்டு, லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. நாய்க்கு நாளை என்று ஒரு திட்டம் இல்லை. பன்னிரண்டாவது வயதில் நன்றாக இருக்க வேண்டும் என்று மூன்றாவது வயதில் அது ஆசைப்படுவதில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜெஃப் மக்மஹான், ஓர் உயிருக்கும் அதன் எதிர்காலத்துக்கும் உள்ள மனத் தொடர்பு எவ்வளவு பலவீனமோ அந்த அளவுக்கு அந்த எதிர்காலத்தில் அதற்குள்ள அக்கறையும் குறைவு என்று 2002இல் வந்த நூலில் வாதிட்டார். கொல்லுதல் பற்றிய வாதம் அது. அதைத் தீனிக் கிண்ணத்துக்கு இழுத்துவந்தால் கேள்வி இப்படி ஆகும்: அது கேட்காத இரண்டு ஆண்டுகளுக்காக, அது கேட்கும் இன்றைய பிஸ்கட்டைப் பறிக்க யார் உரிமை தந்தது? சேர்ந்து வாழ இன்னும் இரண்டு ஆண்டு வேண்டும் என்பது வளர்ப்பவரின் ஆசையல்லவா? அப்படியானால் மிதமும் சுயநலம்தானே?

பருமனின் கேடு நாளைக்கு மட்டும் வருவதாக இருந்தால் இந்த வாதம் நிற்கும். அது இன்றைக்கே வருகிறது. நாய் வியர்த்துத் தணியும் பிராணி அல்ல. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. சென்னையின் மே மாத மதியத்தில், கொழுப்புப் போர்த்திய, மூக்குச் சப்பிய நாய் அந்த வேலையைச் செய்யப் படும் பாட்டைப் பார்த்தவர்கள், எதிர்காலம் பற்றிய வாதத்தை நீட்ட மாட்டார்கள். மாடிப்படி ஏற முடியாமை, எழும்போது முனகல், ஓடிப் பந்தெடுத்தால் ஐந்தாவது தடவையில் படுத்துவிடுதல், இவையெல்லாம் பன்னிரண்டாவது வயதுச் சங்கதிகள் அல்ல. பிஸ்கட் தரும் இன்பம் ஒரு நொடி, அதற்கான விலையும் அதே நாளில் அதே உடம்பிலிருந்து போகிறது. மக்மஹானின் வாதத்துக்கு இங்கே பிடிமானம் இல்லை.

மிதத்தை இன்னொருவர் வைத்துக் காப்பது பற்றி ஒரு பழைய கதை பௌத்தர்களிடம் இருக்கிறது. கோசல மன்னன் பசேனதி பெருந்தீனிக்காரன். ஒரு மரக்கால் அளவு சோற்றை உண்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்க புத்தரைப் பார்க்க வருகிறான். உண்பதில் அளவு அறிந்தவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும் என்ற பொருளில் புத்தர் ஒரு பாட்டுச் சொல்கிறார். மன்னனின் பின்னால் சுதஸ்ஸனன் என்ற இளைஞன் நின்றுகொண்டிருக்கிறான். பசேனதி அவனைக் கூப்பிட்டு, இந்தப் பாட்டை மனப்பாடம் செய்து தினமும் தான் உண்ணும்போது சொல்லச் சொல்கிறான். சம்பளம் நாளொன்றுக்கு நூறு கஹாபணம். படிப்படியாக ஒரு நாழி அளவுக்குச் சாப்பாடு குறைகிறது. மன்னன் உடம்பு இளைத்து, தன் கையால் தன் உடலைத் தடவிப் பார்த்து மகிழ்கிறான்.

நாட்டையே ஆண்டவனால் தன் தட்டை ஆள முடியவில்லை, ஆள் வைத்துக்கொண்டான். நாய்க்கு ஆள் வைக்கும் வசதி இல்லை. அதன் சுதஸ்ஸனன் வீட்டார்தான். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான வீடுகளில் பாட்டுச் சொல்ல யாரும் இல்லை, பரிமாற நான்கு பேர் இருக்கிறார்கள். காலையில் பாட்டி தன் இட்லியில் விண்டு போடுவார். அப்பா டீ குடிக்கும்போது இரண்டு மாரி பிஸ்கட். பள்ளி விட்டு வந்த பிள்ளை இன்னும் இரண்டு. ராத்திரி அம்மா தயிர்சாதம். ஒவ்வொருவரும் 'நான் கொஞ்சம்தான் குடுத்தேன்' என்பார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை.

இப்படிப்பட்ட கொஞ்சங்களைக் கூட்டிப் பார்க்கலாம். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கில், கருத்தடை செய்த பத்துக் கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி போதும். ஒரு மாரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி. உதாரணத்துக்கு, ஆறு பிஸ்கட்டும் 200 மில்லி பாலும் போனால் நாள் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்தது, இன்னும் சாப்பாடே வைக்கவில்லை. கொசுறுத் தீனி எல்லாம் சேர்ந்து பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் விதி. பத்துக் கிலோ நாய்க்கு அது இரண்டரை பிஸ்கட். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இருபது கிலோ நாய்க்குப் பத்துக் கிலோ நாயைப்போல இருமடங்கு தேவையில்லை. ஒன்றே முக்கால் மடங்குகூட வேண்டாம். எடை கூடும் வேகத்தில் உடலின் செலவு கூடுவதில்லை என்பதை மாக்ஸ் க்ளைபர் 1932இலேயே காட்டிவிட்டார். தயிர்சாதத்தைக் குற்றவாளி ஆக்கவும் தேவையில்லை. மனிதர் பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு பெருகிவிட்டன என்று 2013இல் ஒரு ஆய்வு கண்டது. அது ஓநாய் அல்ல. நம் வீட்டுச் சோற்றில் உருவானது. அளவுதான் பிரச்சினை.

அளவு சரியா என்று பார்க்கத் தராசைவிட விரல் நல்லது. நாயின் விலாவை மெல்லத் தடவினால் எலும்புகள் எண்ணும்படி விரலில் பட வேண்டும், கண்ணில் துருத்தக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு இந்த விதியும் தளரும். கடைசி விலாக்களும் இடுப்பெலும்பும் கொஞ்சம் தெரிவதே அவற்றுக்கு இயல்பு. சிப்பிப்பாறையை நகரத்தில் வளர்ப்பவரைப் பக்கத்து வீட்டுக்காரர் 'சோறே போடுறதில்லையா?' என்று கேட்பதும், அந்த வெட்கத்துக்காகவே அவர் கிண்ணத்தை நிரப்புவதும் நடக்கும். ஊர் கண்ணுக்குக் கொழுத்த நாய்தான் அன்பின் சாட்சி. கொழுத்த பிள்ளைதான் நன்றாக வளர்கிற பிள்ளை என்று நினைத்த காலத்தின் மிச்சம் அது.

இதற்கெல்லாம் மேலே ஒரு சங்கடம் இருக்கிறது, உணவுப் பட்டியலால் தீராதது. கருத்தடை செய்தால் நாயின் சக்தித் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. கருத்தடை அவசியம், தெருவில் பிறந்து சாகும் குட்டிகளைக் கண்டவர்கள் அதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் மொத்தக் கணக்கைப் பார்த்தால், இணையை எடுத்தாயிற்று, சுற்றித் திரிவதை எடுத்தாயிற்று, குப்பை கிளறுவதை, எலி துரத்துவதை, வேறு நாயோடு சண்டை போடுவதை எல்லாம் எடுத்தாயிற்று. அதன் நாளில் மிச்சம் இருக்கும் ஒரே நிகழ்ச்சி கிண்ணம். இப்போது மருத்துவர் சொல்கிறார் என்று அதிலும் கை வைக்கிறோம். மிதம் என்ற பெயரில் இது இன்னொரு பறிப்பு ஆகிவிடும் அபாயம் உண்மையானது. குறைத்த பிஸ்கட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டிய கடன் வளர்ப்பவருக்கு இருக்கிறது, அது வேறு தீனியாக இருக்க முடியாது. முக்கால் மணி நேர நடை. அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு மின்கம்பத்தையும் மோந்து பார்க்கவிடும் நடை. அளந்த தீனியையே கிண்ணத்தில் வைக்காமல் புல்லில் இறைத்துவிட்டால், இருபது நிமிடம் மூக்கால் தேடித் தின்னும். கலோரி ஒன்றுகூட அதிகமாகாது. பிஸ்கட் கொடுக்க இரண்டு நொடி போதும். இதற்கு நேரம் வேண்டும். பல வீடுகளில் பிஸ்கட் வெல்வதற்கு அதுதான் காரணம்.

வயதான நாயிடம் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பதின்மூன்று பதினான்கு வயதில் தசை கரையும், எடை தானாக இறங்கும். சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், பல் வலிக்கலாம், குமட்டல் இருக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கிண்ணத்தின் அடியை நக்கிய நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மருத்துவர் முதலில் காரணத்தைத் தேடுவார். பல்லைப் பார்ப்பார், ரத்தம் எடுப்பார், குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து தருவார். பல நாய்கள் அதில் தேறி மறுபடி உண்ணும். தேறாதவை விஷயத்தில் வீட்டார் ஊசிக் குழாயில் கஞ்சியை ஏற்றி, வாயோரமாகச் செலுத்தப் பார்ப்பார்கள். நாய் தலையை உதறும், பல்லைக் கடித்துக்கொள்ளும். விருப்பமில்லாமல் திணித்தால் உணவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பத்து வருடம் 'அது கேட்குதேன்னு குடுக்காதீங்க' என்று சொல்லிவந்த அதே மருத்துவர், இப்போது அது வேண்டாம் என்பதைக் கேளுங்கள் என்பார். வீட்டாருக்கு முதல் அறிவுரையைவிட இரண்டாவதைக் கேட்பது கடினமாக இருக்கிறது.